மாட்டின் சூட்டை அளக்காமல் பால் விலையைப் பேசாதே!

(நாங்குநேரி வட்டாரக் கறவை மாடு வளர்ப்போர் கூட்டத்தில் சங்கத்தின் சார்பில் பேசியதன் எழுத்து வடிவம்)

பால் மாட்டை நம்பிப் பிழைக்கும் சிறு, குறு விவசாயிகளே! சென்ட் நிலம் இல்லாவிட்டாலும் ஒத்தை மாட்டை வைத்துப் பிள்ளைகளைப் படிக்க வைக்கும் தாய்மார்களே! 

சாயங்காலக் கறவைக்கு நீங்கள் வீடு திரும்ப வேண்டும். அதனால் சுத்தி வளைக்காமல் விஷயத்துக்கு வந்துவிடுகிறோம்.

உள்ளே வரும்போதே பலரிடம் ஒரு கேள்வி கேட்டோம். மாசி மாசம் உங்க மாடு காலையில் எவ்வளவு கறந்தது, சித்திரை வைகாசியில் எவ்வளவு கறந்தது? ஆறு கறந்த மாடு நாலரைக்கு இறங்கிட்டு என்றார்கள். நாலு கறந்தது இரண்டரைக்கு வந்துட்டு என்றார்கள். ஏன் என்று கேட்டால் எல்லாரும் ஒரே பதில்தான் சொன்னார்கள், வெயிலு. சரி, எவ்வளவு வெயிலு? அதுக்குத்தான் யாரிடமும் பதில் இல்லை. "தாங்க முடியல அண்ணாச்சி" என்பதுதான் பதில்.

நமக்கு அது போதும். கலெக்டர் ஆபீசுக்கும் இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் அது போதாது. மழைக்கு மழைமானி இருக்கு. குளத்து மடையில் அளவுக்கல் இருக்கு. மணிமுத்தாறு அணையில் 118 அடிக்கு இன்றைக்கு எத்தனை அடி நிற்கிறது என்று தினமும் பேப்பரில் வருது. பயிர் கருகினால் அடங்கலைப் பார்த்து, எத்தனை சதவீதம் சேதம் என்று எழுத வி.ஏ.ஓ. வருகிறார். வெயிலில் மாட்டு மடியில் வற்றிப்போன பாலை மட்டும் எந்த ரிஜிஸ்டரிலும் எழுதுவதில்லை. எழுதாத நஷ்டத்துக்கு நிவாரணமும் கிடையாது. இன்றைக்கு நாம் பேச வந்தது இதைத்தான்.

மாடு ஏன் சூடாகிறது?

மாடு ஒரு நடமாடும் அடுப்பு. குப்பை மக்கும் உரக்குழியில் கையை வைத்தால் சுடும் இல்லையா? மாட்டின் முதல் வயிற்றில் தீவனம் புளிக்கும்போது அதே மாதிரிதான் சூடு உண்டாகிறது. நாம் போடும் வைக்கோலும் காய்ந்த சோளத்தட்டையும் நார் அதிகம் உள்ள தீனி, அது செரிக்கும்போது இன்னும் கூடுதல் சூடு. பால் சுரப்பதற்கும் உடம்பு வேலை செய்ய வேண்டும், அதிலும் சூடு. ஆக, அதிகம் கறக்கும் மாடு அதிகம் எரியும் அடுப்பு.

இந்தச் சூட்டை மாடு எப்படி வெளியே தள்ளும்? காற்று குளிர்ச்சியாக இருந்தால் தோல் வழியாகச் சும்மாவே போய்விடும். காற்றே 36, 38 டிகிரி இருந்தால் தோலுக்கும் காற்றுக்கும் வித்தியாசம் இல்லை, சூடு போக வழியில்லை. அப்புறம் மிச்சம் இருப்பது வியர்வையும் மூச்சும்தான். மாட்டுக்கு நம்ம அளவுக்கு வியர்க்காது. அதனால் நாக்கைத் தள்ளி மூச்சு வாங்குது. காற்றில் ஈரப்பதமும் கூடிவிட்டால் அந்த வழியும் பாதி அடைபட்டுப் போகும். மழை பெய்யாத மூட்டம் போட்ட நாளில், வெயில் குறைச்சலா இருந்தும் மாடு அதிகமா இரைக்குதே, அதுக்குக் காரணம் இதுதான்.

மாட்டின் உடம்புச் சூடு 101.5 டிகிரி, அதாவது 38.5 செல்சியஸ் பக்கத்தில் இருக்கணும். 103-ஐத் தொட்டுவிட்டால் அது சங்கடத்தில் இருக்கு என்று அர்த்தம். முதலில் தீனியைக் குறைக்கும். தீனி குறைந்ததால் பால் குறைந்தது என்று நாம் நினைக்கிறோம். அமெரிக்காவில் அரிசோனாவில் மாடுகளை அறைக்குள் கட்டிப் பார்த்த சோதனைகளில், குறைந்த பாலில் பாதி அளவுக்குத்தான் தீனி காரணம் என்று தெரிந்தது. மீதிக்கு உடம்புக்குள் நடக்கும் மாற்றமே காரணம். சத்து மடிக்குப் போவதற்குப் பதிலாக வேறு வேலைக்குப் போய்விடுகிறது. அதனால் "புண்ணாக்கைக் கூட்டிப் போடுங்க, பால் வரும்" என்று வெயில் காலத்தில் யாராவது சொன்னால் முழுசா நம்பாதீங்க. புண்ணாக்குக் காசும் போகும், பாலும் வராது.

இன்னொரு விஷயம். இன்றைக்கு அடிக்கும் வெயிலின் பலன் இன்றைக்கே பாலில் தெரியாது. இரண்டு நாள் கழித்துத்தான் நன்றாகத் தெரியும். அதனால்தான் "நேத்து மேகமா இருந்ததே, இன்னைக்கு ஏன் பால் குறையுது" என்று வீட்டில் சண்டை வருது. முந்தாநாள் வெயிலைப் பாருங்கள்.

சினை பிடிக்காத கதை உங்களுக்கே தெரியும். வெயில் காலத்தில் மாடு கத்தாது, ஊமைப் பருவமாகப் போய்விடும். ஊசி போட்டாலும் தங்காது, தங்கிய கருவும் முதல் வாரத்திலேயே கரைந்துவிடும். ஒரு பருவம் தப்பினால் 21 நாள். மூன்று பருவம் தப்பினால் இரண்டு மாசத் தீவனம் தண்டம். கறவை வற்றிய சினை மாட்டை வெயிலில் கட்டிப் போட்டால் அடுத்த ஈத்தில் பால் குறையும், கன்று எடை குறைந்து பிறக்கும், அந்தக் கன்று வளர்ந்து தாயாகும்போது அதன் பாலும் குறையும் என்று புளோரிடா பல்கலைக்கழகத்தில் பல வருஷம் பார்த்து எழுதியிருக்கிறார்கள். கறக்காத மாடுதானே என்று நாம் கொட்டகைக்கு வெளியே கட்டுகிறோமே, அந்த மாட்டுக்குத்தான் முதல் நிழல் வேண்டும்.

வெப்பப் படக் கேமரா என்பது என்ன?

இப்போது ஒரு கருவி வந்திருக்கிறது. தெர்மல் கேமரா என்பார்கள். கொரோனா காலத்தில் நெத்திக்கு நேரா துப்பாக்கி மாதிரி ஒன்றை நீட்டிக் காய்ச்சல் பார்த்தார்களே, அதே வித்தைதான். சூடான எந்தப் பொருளும் கண்ணுக்குத் தெரியாத ஒரு கதிரை வீசிக்கொண்டே இருக்கும். அகச்சிவப்புக் கதிர் என்று பள்ளிக்கூடப் பிள்ளைகள் படிக்கிறார்கள். துப்பாக்கி ஒரு புள்ளியின் சூட்டைச் சொல்லும். கேமரா ஆயிரக்கணக்கான புள்ளிகளின் சூட்டை ஒரே நேரத்தில் எடுத்து வர்ணப் படமாகக் காட்டும். சூடான இடம் மஞ்சள், சிவப்பு. ஆறின இடம் நீலம். இது எக்ஸ்ரேயும் இல்லை, ஸ்கேனும் இல்லை. மாட்டுக்குள் எதையும் செலுத்தாது. மாட்டில் இருந்து வருவதை வாங்கிக்கொள்ளும், அவ்வளவுதான். சினை மாட்டுக்கும் ஒண்ணும் ஆகாது.

இதில் என்ன லாபம்? ஆசனவாயில் தெர்மாமீட்டர் வைத்துக் காய்ச்சல் பார்க்க வேண்டுமானால் மாட்டைப் பிடிக்கணும், கட்டணும், ரெண்டு ஆள் வேணும். மிரண்ட மாட்டுக்கு அந்தக் கலவரத்திலேயே சூடு ஏறிவிடும். கேமராவை ஒரு மீட்டர் தள்ளி நின்று காட்டினால் போதும். முடி இல்லாத, ரத்தக்குழாய் தோலுக்குப் பக்கத்தில் ஓடுகிற இடம்தான் சரியான இடம். அதனால் கண்ணின் உள்மூலை, மூக்குப் பக்கம், மடி, இவைகளைப் பார்க்கிறார்கள். கண்மூலைச் சூடு உடம்பின் உள்சூட்டோடு ஓரளவு ஒத்துப் போகிறது.

நம் நாட்டிலும் இது நடக்கிறது. பெங்களூரில் தேசியப் பால் ஆராய்ச்சி நிலையத்தின் தென்மண்டல நிலையம் இருக்கிறது. (1923-ல் வெள்ளைக்காரன் காலத்தில் தொடங்கியது. 1927-ல் காந்தியே போய் மாடு வளர்ப்பு கற்றுக்கொண்ட இடம். 1955-ல் தலைமையிடம் ஹரியானா கர்னாலுக்குப் போய்விட்டது.) அங்கே பசுக்களின் மடியைத் தெர்மல் கேமராவில் படம் எடுத்து, மடிநோயை முன்கூட்டியே கண்டுபிடிக்க முடியுமா என்று பார்த்து 2016-லும் அதற்குப் பின்னும் கட்டுரை வெளியிட்டார்கள். நோய் தொட்ட மடி நல்ல மடியை விட ஒன்றிரண்டு டிகிரி கூடுதலாகச் சுடுகிறது. பால் திரிவதற்கு முன்னாலேயே, கையால் தொட்டுப் பார்த்தால் தெரியாத நிலையிலேயே, படத்தில் அது தெரிகிறது. ஒரு காம்பு அடைபட்டுப் போன மாட்டை என்ன விலைக்குத் தள்ளிவிட்டோம் என்று நினைத்துப் பாருங்கள், இந்த ஒன்றிரண்டு டிகிரியின் மதிப்பு புரியும்.

பின்னால் உட்கார்ந்திருக்கும் அண்ணாச்சி ஒருத்தர் கேட்கிறார்: "படம் புடிச்சா பால் கூடிருமா?" நல்ல கேள்வி. கூடாது அண்ணாச்சி. பானையில் தண்ணி குறையுதுன்னு குச்சியை விட்டு அளந்தா தண்ணி ஊறாது. ஆனா ஓட்டை எங்கே இருக்குன்னு தெரியும்.

கேமரா தெய்வம் இல்லை என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறோம். வெயிலில் நிற்கும் கறுப்பு வெள்ளை எச்.எப். மாட்டைப் படம் எடுத்தால் கறுப்புத் திட்டு மட்டும் கொதிப்பது போலத் தெரியும், ஏனென்றால் கறுப்பு வெயிலை இழுக்கும். குளிப்பாட்டிய உடனே எடுத்தால் மாடு குளிர்ந்ததாகப் பொய் சொல்லும். சாணி அப்பிய தொடையில் சாணியின் சூடுதான் வரும். ஆடிக் காத்து அடிக்கும்போது ஒரு கணக்கு, காத்து நின்ற பிறகு ஒரு கணக்கு. நிழலில், உலர்ந்த உடம்பில், ஒரே தூரத்தில், ஒரே நேரத்தில், பழகின ஆள் எடுத்தால்தான் அது அளவு. இல்லையென்றால் வெறும் கலர் படம். விலையும் லேசில்லை. போனில் மாட்டும் சின்னக் கருவியே பத்தாயிரக் கணக்கில் வரும். ஆராய்ச்சிக்கு வாங்குவது லட்சக் கணக்கில். நீங்கள் யாரும் இதை வாங்க வேண்டாம். யாராவது வந்து தவணையில் தருகிறோம் என்றாலும் வாங்காதீர்கள். இது சர்க்காரும் ஒன்றியமும் வாங்க வேண்டிய கருவி.

நம் கையில் இருக்கும் கருவி

கேமரா வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டியதில்லை. மாட்டின் விலாவுக்குப் பின்னால் வயிற்று ஓரம் மூச்சு ஏறி இறங்குவதைப் பாருங்கள். செல்போனில் அரை நிமிஷம் வைத்து எண்ணுங்கள், இரண்டால் பெருக்குங்கள். நிழலில் அமைதியாக இருக்கும் மாட்டுக்கு நாற்பதுக்குள் இருக்கும். 60-ஐத் தாண்டினால் மாடு வெயிலோடு போராட ஆரம்பித்துவிட்டது. 80-ஐத் தாண்டினால் கஷ்டம். 120 பக்கம் போய், வாய் திறந்து, எச்சில் ஒழுகி, நாக்கு வெளியே வந்தால் அது ஆபத்து. உடனே நிழல், தண்ணி, காத்து, டாக்டர். 1962-க்குப் போன் போடுங்கள்.

எண்ணுவதற்குக் காசு வேண்டாம், படிப்பு வேண்டாம். ஆராய்ச்சிக்காரர்களும் கேமராப் படத்தோடு சேர்த்து இந்த மூச்சுக் கணக்கையும் வைத்துத்தான் பார்க்கிறார்கள். தொழுவத்தில் நாள் முழுக்க நிற்பது நம் வீட்டுப் பெண்கள். அவர்கள் பிற்பகல் இரண்டு மணிக்கு எண்ணி ஒரு நோட்டில் எழுதினால், அது பெரிய ஆபீசர் ஏ.சி. காரில் வந்து பார்த்து எழுதுவதை விட நூறு மடங்கு நம்பிக்கையான கணக்கு.

இன்னொரு கருவி இரண்டு சாதாரண வெப்பமானிகள். ஒன்றைச் சும்மா தொங்கவிடுவது, இன்னொன்றின் குமிழில் ஈரத் துணியைச் சுற்றித் தொங்கவிடுவது. உலர் குமிழ், ஈரக் குமிழ் என்பார்கள். இரண்டையும் செல்சியசில் பார்த்துக் கூட்டுங்கள், 0.72 ஆல் பெருக்குங்கள், 40.6 சேருங்கள். அதுதான் வெப்ப ஈரப்பதக் குறியீடு. உலர் குமிழ் 36, ஈரக் குமிழ் 28 என்று வைத்துக்கொண்டால் கூட்டு 64, பெருக்கினால் 46, மொத்தம் கிட்டத்தட்ட 87. புத்தகக் கணக்குப்படி 72-ஐத் தாண்டினால் மாட்டுக்குச் சிரமம் தொடங்குது, 80-ஐத் தாண்டினால் நடுத்தரம், 90-ஐத் தாண்டினால் கடுமை.

இங்கேதான் நம் விவகாரம் ஆரம்பிக்கிறது. 24 டிகிரி வெப்பம், ஈரக் குமிழ் 20 இருந்தாலே குறியீடு 72 வந்துவிடும். நாங்குநேரியில் 24 டிகிரியை மார்கழி விடியற்காலையில்தான் தேடணும்! கோடையில் விடியற்காலை ஆறு மணிக்கே 27-ம் 25-ம் இருக்கும் நாளில் குறியீடு 78. அதாவது ராத்திரியிலும் மாட்டுக்கு ஓய்வு இல்லை. பகலில் ஏறின சூடு ராத்திரி இறங்காமலே மறுநாள் வெயிலை வாங்குது.

அந்த 72 யாருடைய கணக்கு? அமெரிக்காவில் எச்.எப். மாட்டை வைத்துப் போட்ட கணக்கு. அதிகம் கறக்கும் மாட்டுக்கு 68-லேயே பால் குறையுது என்று அவர்களே பின்னாளில் திருத்தினார்கள். நம்ம ஊர் ஜெர்சிக் கலப்புக்கு எத்தனை? நாட்டு மாட்டுக்கு எத்தனை? பனை ஓலைக் கொட்டகையில் எத்தனை, ஆஸ்பெஸ்டாஸ் போட்ட கொட்டகையில் எத்தனை? இதை நாங்குநேரித் தொழுவத்தில் நின்று அளந்து சொல்ல வேண்டும். கேமராவின் உண்மையான வேலை இதுதான். கண்மூலைச் சூடு, மூச்சு, குறியீடு, பால் நாலையும் ஒரே மாடுகளில் சித்திரையில் இருந்து ஆவணி வரை பதிந்தால், நம்ம மாட்டுக்கு எந்த அளவில் பால் விழ ஆரம்பிக்குது என்று ஒரு எண் கிடைக்கும். அந்த எண் இருந்தால்தான் நிவாரணமும் இன்சூரன்சும் பேச முடியும். அந்த எண்ணை வேறு யாரோ, வேறு எங்கேயோ உட்கார்ந்து, தங்களுக்கு வசதியாக 90 என்று வைத்துவிட்டால் நமக்கு ஒரு பைசா வராது. புரியுதா? எண் என்பது வெறும் எண் இல்லை, காசு.

இந்த மாட்டை வளர்க்கச் சொன்னது யார்?

ஜெர்சி என்பது இங்கிலாந்துக்குப் பக்கத்துக் கடலில் இருக்கும் ஒரு சின்னத் தீவு. எச்.எப். ஹாலந்து, ஜெர்மனிப் பக்கத்து மாடு. கறவைப் பசுவுக்கு உகந்த வெப்பம் 5-ல் இருந்து 25 டிகிரி என்று பாடப்புத்தகம் சொல்லுது. நாட்டு மாடு போதும் என்று இருந்த நம்மிடம், பால் பெருகணும் என்று கலப்பின ஊசியைக் கொண்டு வந்தது அரசு. 2011 செப்டம்பரில் தொடங்கிய விலையில்லாக் கறவை மாடு திட்டத்தில் 5 ஆண்டில் 60,000 பசு என்று ஏழைப் பெண்களுக்குக் கொடுத்ததும் அரசு. நாம் குறை சொல்லவில்லை, பால் பெருகியது, பல வீட்டில் அடுப்பு எரிந்தது. ஆனால் குளிர்ப் பிரதேசத்து ரத்தத்தை மழை மறைவுப் பிரதேசமான நாங்குநேரிக்குக் கொண்டு வந்தவர்களுக்கு, அந்த ரத்தம் கொதிக்கும்போது பொறுப்பு இல்லையா?

கொட்டகைக் கதையும் அப்படித்தான். 100 நாள் வேலைத் திட்டத்தில் கட்டின கொட்டகைகளில் எத்தனை தகரக் கூரை? உச்சி வெயிலில் தகரம் 50 டிகிரியைத் தாண்டும். அந்தச் சூட்டைக் கீழே இருக்கும் மாட்டு முதுகில் கொட்டும். தெர்மல் கேமராவை மாட்டுப் பக்கம் காட்டுவதற்கு முன் கூரைப் பக்கம் காட்டணும் என்பது எங்கள் கட்சி. கூரைக்கு மேலே பனை ஓலையோ தென்னங்கீற்றோ பரப்பினாலும், வெள்ளைச் சுண்ணாம்பு அடித்தாலும் வித்தியாசம் தெரியும். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே வரும் காத்தை வைத்து முப்பந்தலில் கரண்ட் எடுக்கிறார்கள், நாம் மேற்குப் பக்கம் முழுச் சுவர் வைத்து அதே காத்தை மாட்டுக்கு அடைத்து வைத்திருக்கிறோம். இடுப்பளவுக்கு மேல் திறந்துவிடுங்கள். காத்து வராத கொட்டகையில் தண்ணியை மட்டும் பீச்சி அடிக்காதீர்கள், அது ஈரப்பதத்தைக் கூட்டி இன்னும் மூச்சை முட்ட வைக்கும். தீனியை விடியற்காலையிலும் ராத்திரியிலும் வையுங்கள். தொட்டியில் தண்ணி நாள் முழுக்க நிழலில் இருக்கட்டும். வெயில் நாளில் கறவை மாடு 70, 80 லிட்டர் வரை குடிக்கும். வெந்நீராகக் கிடக்கும் தொட்டியில் அது வாய் வைக்காது.

பால் குறைவது மட்டுமா?

வெயில் பட்ட மாட்டின் பாலில் கொழுப்பும் எஸ்.என்.எப்.பும் குறையும். லேக்டோமீட்டர் இறங்கும். வெயிலால் இறங்கியதா, தண்ணி கலந்ததால் இறங்கியதா என்று லேக்டோமீட்டருக்குப் பிரித்துச் சொல்லத் தெரியாது. தண்ணி கலப்பைப் பிடிக்க உலகம் முழுக்க உறைநிலைச் சோதனை என்று ஒன்று வைத்திருக்கிறார்கள், அது ஊருக்கு வருவதில்லை. நம்ம வட்டாரத்தில் ஒரு சொசைட்டியில் ஒரு தாயைப் பத்துப் பேர் முன்னால் "எத்தனை சொம்பு ஊத்தினே" என்று கேட்டார்கள். அந்த அம்மா மறுநாளில் இருந்து பாலைக் கொண்டு வரவில்லை, மாட்டையே விற்றுவிட்டது. மாட்டின் சூட்டை அளக்காதவன் மனுஷியின் நாணயத்தை அளக்கிறான்! இதை இனி சங்கம் அனுமதிக்காது.

இப்போது காசுக் கணக்கு. பசும்பால் கொள்முதல் விலை 2022 நவம்பரில் லிட்டருக்கு 35 ரூபாய் ஆனது. 2023 மார்ச்சில் பால் உற்பத்தியாளர்கள் பாலை நிறுத்திப் போராடிய பிறகு, அந்த வருஷம் டிசம்பரில் 3 ரூபாய் ஊக்கத்தொகை வந்தது. 38 ரூபாய் என்றே வைப்போம். இரண்டு மாடு, மாட்டுக்கு நாளுக்கு 2 லிட்டர் குறைவு, 90 நாள் வெயில். 360 லிட்டர். 13,680 ரூபாய். இது தரக்குறைவுக்குப் பிடித்த காசு இல்லாமல், சினை தப்பினது இல்லாமல், வைத்தியச் செலவு இல்லாமல். நாட்டுக்கே சேர்த்து கர்னால் ஆராய்ச்சி நிலைய விஞ்ஞானிகள் 2009 வாக்கில் ஒரு கணக்குப் போட்டார்கள். வெப்பத்தால் இந்தியா ஆண்டுக்கு 18 லட்சம் டன் பாலை இழக்கிறது, மொத்த உற்பத்தியில் கிட்டத்தட்ட 2 சதவீதம் என்று. அந்த 18 லட்சம் டன்னில் நாங்குநேரித் தொழுவத்துச் சொம்பும் இருக்கு.

மாட்டு இன்சூரன்ஸ் இருக்கே என்பீர்கள். காதில் தோடு போட்டு எடுக்கும் அந்த இன்சூரன்ஸ் மாடு செத்தால்தான் காசு தரும். 2024-ல் விவசாயி பங்கைப் பிரீமியத்தில் 15 சதவீதமாகக் குறைத்தார்கள், நல்லதுதான். ஆனால் சாகாமல் வற்றிப்போகும் மாட்டுக்கு அதில் இடமில்லை. 2024 அக்டோபரில் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெயிலில் செத்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் என்றார்கள். வரவேற்கிறோம். அதே வெயிலில்தானே மாடும் நிற்குது?

மலைக்கு அந்தப் பக்கம் பாருங்கள். கேரளத்தில் 2024 கோடையில் வெயிலுக்குக் கிட்டத்தட்ட 500 மாடுகள் செத்ததாக அந்த மாநில அமைச்சரே சொன்னார். அங்கே மில்மாவின் மலபார் ஒன்றியம் 2023-லேயே இந்திய வேளாண் காப்பீட்டு நிறுவனத்தோடு சேர்ந்து ஒரு திட்டம் கொண்டு வந்தது. மாடு சாக வேண்டாம், டாக்டர் சர்ட்டிபிகேட் வேண்டாம். அந்தப் பகுதியில் வெப்பம் குறிப்பிட்ட அளவைத் தொடர்ந்து பல நாள் தாண்டினால் பால் குறைவுக்கு ஈடாகக் காசு கணக்கில் ஏறும். நாள் கூடக் கூடத் தொகையும் கூடும். பிரீமியத்தில் ஒரு பங்கை ஒன்றியமே போட்டது. பெரிய தொகை என்று சொல்ல மாட்டோம். ஆனால் வெயிலால் போகும் பாலும் நஷ்டம்தான் என்று ஒரு கூட்டுறவு ஒன்றியம் ஒப்புக்கொண்டதே, அதுதான் விஷயம். செங்கோட்டைக்கு அந்தப் பக்கம் சரியென்றால் இந்தப் பக்கம் ஏன் தப்பு?

நாம் கேட்பது என்ன?

ராமையன்பட்டியில் 2012-ல் இருந்து கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கு. அங்கே படிக்கும் பிள்ளைகள் நம்ம பிள்ளைகள். அவர்கள் கேமராவோடு நாங்குநேரி ஒன்றியத் தொழுவங்களுக்கு வந்து ஒரு முழுக் கோடையும் அளந்து, நம்ம கலப்பின மாட்டுக்கான எண்ணைத் தமிழில் வெளியிட வேண்டும். அதற்கான பணத்தைக் கால்நடைத்துறை தர வேண்டும். ஒவ்வொரு பால் சொசைட்டி வாசலிலும் உலர் குமிழ், ஈரக் குமிழ் வெப்பமானியை மாட்டி, காலை ஆறு மணி, பிற்பகல் இரண்டு மணிக் குறியீட்டைப் பலகையில் எழுத வேண்டும், சில நூறு ரூபாய்ச் செலவு. அந்த எண் தாண்டிய நாட்களில் கொழுப்பு, எஸ்.என்.எப். குறைவுக்குப் பணம் பிடிக்கக் கூடாது, தண்ணி கலப்பு என்று யாரையும் சொல்லக் கூடாது, சந்தேகம் இருந்தால் உறைநிலைச் சோதனை செய்துவிட்டுப் பேசட்டும். 1962 வண்டி ஒவ்வொன்றிலும் ஒரு தெர்மல் கேமரா மடிநோய் பார்ப்பதற்கு இருக்க வேண்டும். கேரளத்தைப் போல வெப்பக் காப்பீடு, பிரீமியம் முழுவதையும் அரசும் ஒன்றியமும் ஏற்க வேண்டும்.

இதில் ஒன்றை அழுத்திச் சொல்கிறோம், பின்னால் குழப்பம் வரக் கூடாது. காப்பீட்டுப் பணத்தைக் கேமராப் படத்தோடு கட்டக் கூடாது. காலையில் குளிப்பாட்டிய மாட்டைப் படம் எடுத்து "உன் மாடு குளுகுளுன்னு இருக்கு, கிளெய்ம் இல்லை" என்று அனுப்பிவிடுவார்கள். கேமரா எண்ணைக் கண்டுபிடிப்பதற்கும் நோயைக் கண்டுபிடிப்பதற்கும். பணம், ஊருக்கே பொதுவான குறியீட்டைப் பார்த்துத் தானாக வர வேண்டும். மாட்டுக்கு மாடு சோதனை என்றால் அதில் சிபாரிசும் கமிஷனும் நுழைந்துவிடும், நமக்குத் தெரியாததா?

வெறும் கையோடு போய்க் கத்தினால் மனுவை வாங்கிக் கட்டில் போடுவார்கள். அதனால் வாசலில் 40 பக்க நோட்டு வைத்திருக்கிறோம், போகும்போது வீட்டுக்கு ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். தேதி, பிற்பகல் இரண்டு மணி மூச்சு எண்ணிக்கை, காலைப் பால், மாலைப் பால், சொசைட்டியில் போட்ட கொழுப்பு, எஸ்.என்.எப்., பிடித்த காசு. ஒரு நாளுக்கு ஒரு வரி. இரண்டு மாடு இருந்தால் தனித்தனிப் பக்கம். சொசைட்டி ரசீதைக் கிழிக்காமல் அதிலேயே ஒட்டுங்கள். எழுதத் தெரியாதவர்கள் பள்ளிக்கூடப் பிள்ளையிடம் சொல்லி எழுத வையுங்கள், எண்ணுவது மட்டும் நீங்களாக இருக்க வேண்டும். முப்பது நாள் முடிந்ததும் நோட்டைச் சங்கக் கிளையில் கொடுங்கள், நகல் எடுத்துக்கொண்டு திருப்பித் தருவோம். அதற்கு அடுத்து வரும் விவசாயிகள் குறைதீர்க்கும் நாளில் கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீசுக்கு அத்தனை நோட்டையும் ஒரு மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு போகிறோம். காலைக் கறவையை நாலு மணிக்கே முடித்துவிடுங்கள், வண்டி ஆறரைக்கு நாங்குநேரியில் இருந்து கிளம்பும். வெயில் ஏறுவதற்கு முன் வண்டி மாட்டை நிழலில் கட்டியாக வேண்டும்.